மஞ்ச மூடிக் கங்காணி

காளியண்ணனின் இடது கை சும்மா இருக்காது. மேலே போகும், கீழே வரும். மேலே போகும், கீழே வரும். வலது கையில் தேத்தண்ணிக் குவளை இருக்கலாம், பூமாலை இருக்கலாம், யாரோ பெற்ற பிள்ளைகூட இருக்கலாம். இடது கை தன் பாட்டுக்கு, முதுகில் இல்லாத மருந்துப் பம்பை அடித்துக்கொண்டே இருக்கும். போன தை மாதம் தானா ராத்தாவில் ஒரு கல்யாணம். அட்சதை போட வரிசையில் ஏறியவர், வலது கையால் அரிசியைத் தூவி, இடது கையால் பம்ப் அடித்தபடி மணமக்களை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினார். வீடியோ எடுத்தவன் அதை வெட்டாமல் விட்டுவிட்டான். பெண் வீட்டார் இன்னும் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிக்கிறார்களாம்.

ரிங்லெட்டைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில், புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் கங்காணி. சுபத்ராவும் இன்னும் மூன்று பெண்களும் அவர் கூட்டம். ஐந்து பேரும் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் வரிசையாக ஏறினால், முன்னால் போகிறவர் காளியண்ணன். அறுபதை எட்டிப் பார்க்கிற வயதிலும் கம்பம் போல நிமிர்ந்த நடை. காற்று பார்க்காமல் அடிக்க மாட்டார். மனைவி சரோஜாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் குச்சியில் கட்டி வைத்திருக்கிறார். அது தொங்கினால் வேலை, ஆடினால் ஓய்வு. கை கழுவாமல் யாராவது சோற்றில் கை வைத்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான். தொழிலில் குறை சொல்ல முடியாத மனிதர். குறை எல்லாம் அவர் பேச்சில்தான்.

அவர் குனிய மாட்டார். இடுப்பு வலியோ என்று நினைத்துவிட வேண்டாம். கொள்கை. "குனியிறது புல்லு பிடுங்கறவன் வேலை. நாம நிமிந்து நின்னு சாகடிக்கிறவங்கலா," என்பார். தொப்பி கீழே விழுந்தால் மருந்தடிக்கும் குழாயின் நுனியால் தூக்கித் தலையில் போட்டுக்கொள்வார். லேஸ் வைத்த சப்பாத்து அவரிடம் ஒன்றுகூட இல்லை, கட்டக் குனிய வேண்டுமே. கோயிலில் விழுந்து கும்பிடச் சொன்னால், நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு, "மனசால விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார்.

இன்னொரு கொள்கை, மஞ்ச மூடி. மருந்துக் கலனின் மூடி மஞ்சள் நிறம் என்பதால் அந்தப் பெயர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அதே மருந்துதான். வேறு எதையாவது கொடுத்தால் மூஞ்சியைச் சுளிப்பார். பிரிஞ்சாங்கில் ஒரே முடிவெட்டுக் கடை, பாசார் மாலாம் ராச்சந்தையில் ஒரே மீகோரெங் தள்ளுவண்டி, தலைக்கு ஒரே எண்ணெய். கேட்டால், "கட்டுனா ஒரே பொண்டாட்டி, அடிச்சா ஒரே மருந்து" என்பார். சரோஜா இதைக் கேட்டுப் பெருமைப்படுவதா, தன்னை எதோடு சேர்த்துச் சொல்கிறார் என்று கோபப்படுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விடுவாள்.

ஆனால் மனுஷன் பேசுவதற்கு ஆதாரம் இருந்தது. மருந்தடித்துச் சில வாரம் கழித்துத் தோட்டத்துத் துரையை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பச்சைப் புல் நிற்காது. எல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். துரை தலையாட்டுவார். காளியண்ணன் இடது கையை ஆட்டியபடி, "நான் அடிச்சா அடிச்சதுதான் துரை" என்பார். பக்கத்துத் தோட்டங்களில் சம்பாவுப் புல் எந்த மருந்துக்கும் மசிய மாட்டேன் என்கிறதாமே என்று யாராவது பேச்செடுத்தால், "அடிக்கிறவன் கையில இருக்குலா" என்று முடித்துவிடுவார்.

இந்தப் பெருமைக்கு இடையில் அவருக்கு ஒரே ஒரு சூசா, தீராத தொல்லை. அவர் கூட்டத்துப் பெண்கள் எந்நேரமும் கீரை பறிக்கப் போய்விடுவார்கள். காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு முன்னால் பார்த்தால், பனியில் நனைந்த கோணிப்பையோடு சுபத்ரா சரிவிலிருந்து இறங்கி வருவாள். பின்னால் மணியம்மா இன்னொரு கோணியோடு. "காட்டுக்குப் போனாலும் கீரை, மேட்டுக்குப் போனாலும் கீரை. பொம்பளைங்க வயித்துல என்னதான் இருக்கோ," என்று திட்டுவார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். கீரை என்றால் அப்படி ஒரு கிறுக்கு என்று காளியண்ணன் விட்டுவிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் குடைசாய்த்தது ஒரே ஒரு தூர் புல்.

பழைய தேயிலைக் காட்டுக்கும் புதுக்கன்று நட்ட சரிவுக்கும் நடுவே ஒரு மேட்டில் முனியாண்டி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கற்களால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டால், எப்போதும்தான் என்பார்கள். அதனால் வட்டத்துக்குள் மருந்தடிப்பது காளியண்ணன் மட்டும். பூட்ஸைக் கழற்றி, ஒரு சுருட்டைக் கொளுத்தி வைத்து, "கொஞ்சம் மூக்கப் பொத்திக்கப்பா" என்று சாமியிடம் சொல்லிவிட்டு அடிப்பார்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அப்படித்தான் அடித்தார். எல்லாப் புல்லும் செத்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தூர் சம்பாவு மட்டும் சாகவில்லை. மறுபடி அடித்தார். கொஞ்சம் மஞ்சளாகி, பிறகு முன்னைவிடப் பச்சையாக நிமிர்ந்தது. மருந்தைக் கூட்டிக் கலந்து மூன்றாம் முறையும் அடித்தார். புல் குளித்துவிட்டு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. கூட்டத்துப் பெண்கள் நால்வரும் வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபத்ரா தொண்டையைக் கனைத்து, "அண்ணே, கையால பிடுங்கிடுங்களேன்" என்றாள்.

கையால் பிடுங்குவதா. அதுவும் குனிந்தா. காளியண்ணனின் இடது கை வேகமாகப் பம்ப் அடித்தது. பிறகு நிதானமாகத் திரும்பி அவர் சொன்ன வாசகம்தான் வினையாகப் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"என் மருந்துக்குச் சாகலன்னா, அது புல்லு இல்ல. சாமி."

சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதலில் ஓடி வந்தவள் அவர் வீட்டுச் சரோஜாதான். வட்டத்துக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். சம்பாவுப் புல்லின் அடித்தண்டு எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். சரோஜா அதைப் பார்த்து, "விபூதி பூசியிருக்கு பாருங்க" என்றாள். அதன் கதிர் விரல் விரித்த மாதிரி இருக்கும். "அஞ்சு வெரலையும் விரிச்சு ஆசீர்வாதம் பண்ணுது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூசாரி கந்தசாமி, ஒரு காலத்தில் தோட்டத்து லோரி ஓட்டியவர், உள்ளே போய் மஞ்சள், குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமை பாலும் இளநீரும் ஊற்றினார். முனியாண்டிக்கு வைக்கிற கறுப்பு பீரில் பாதியைப் புல்லுக்கும் ஊற்றினார். பாலும் இளநீரும் பீரும் குடித்த புல் வளராமல் என்ன செய்யும்? கதிர் கதிராக வெளியே தள்ளியது.

காளியண்ணனுக்கும் இது ஒன்றும் மோசமாக இல்லை. சாமியை முதலில் கண்டுகொண்டவர் என்று பாசார் மாலாமில் மரியாதை கூடியது. தள்ளுவண்டிக்காரர் மீகோரெங்கில் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டார். தோற்றுப்போன மருந்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியிடம் தோற்றால் அது தோல்வியா என்ன?

கெடுத்தவள் புனிதா. தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த சின்னக் கிராணி. விவசாயம் படித்த பெண். ஒரு நாள் காளியண்ணனைப் புதுக்கன்றுச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முனியாண்டிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் இரண்டு ஓரமும் குட்டிக் குட்டியாகச் சம்பாவு முளைத்திருந்தது. சாமி கும்பிட்டவர்கள் எங்கெங்கே நடந்தார்களோ, அங்கெல்லாம்.

"மஞ்ச மூடி அடிச்சுப் பாத்தேன் அங்கிள். சாகல," என்றாள்.

"எல்லாமே சாமியா?" என்று கேட்டார் காளியண்ணன். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

"சாமி இல்ல அங்கிள். ஒரே மருந்த இருபது வருஷமா அடிச்சிருக்கீங்க. சாகறதெல்லாம் செத்துப்போச்சு. ஆயிரத்துல ஒண்ணு, பொறக்கறப்பவே அந்த மருந்தத் தாங்குற மாதிரி இருந்திருக்கும். அது மட்டும் பொழச்சு வெத போடுது. புள்ளைங்களும் அதே மாதிரிதான இருக்கும்?"

காளியண்ணன் பாதையோரத்துக் குட்டிப் புல் ஒன்றைப் பூட்ஸ் நுனியால் தட்டினார். "அப்ப நல்ல புல்லையெல்லாம் நான் கொன்னுட்டு, போக்கிரிக்கு மட்டும் பொண்ணு பாத்துக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்."

"அப்படித்தான்."

"பொய் சொல்றீங்க கிராணிம்மா. போன வருஷம் ஆபீஸ்ல பச்ச மூடி குடுத்தாங்கல்ல? மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே அடிச்சேனே. மருந்த மாத்தியாச்சுல்ல?"

"மூடிதான் பச்ச அங்கிள். உள்ள அதே சாமான்தான். செஞ்ச கம்பெனிதான் வேற."

இதைக் கேட்டபோது இடது கை நின்றே போயிற்று என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. இன்னும் வேகமாக அடித்தது.

என்ன செய்யலாம் என்றும் அவளே சொன்னாள். கதிர் முற்றுவதற்குள் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். வேறு விதமாகக் கொல்லுகிற மருந்தை, புல் குட்டியாக இருக்கும்போதே, சொன்ன அளவில் அடிக்க வேண்டும். அதையும் வருஷா வருஷம் கட்டிக்கொண்டு அழக் கூடாது. கவாத்து வெட்டிய கிளைகளை மண் தெரியாமல் பரப்பி வைத்தால் விதைக்கு வெளிச்சம் கிடைக்காது. சேற்றில் விதை ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகுமுன் பூட்ஸைக் கழுவ வேண்டும்.

"எல்லாத்துக்கும் முன்னாடி அந்தச் சாமியப் பிடுங்கிடுங்க அங்கிள். இந்தக் கன்னுக் காடு முழுக்கச் சம்பாவு ஏறுச்சுன்னா, சின்னச் செடிக்குச் சோறு கெடைக்காது. ஒரு தூர்ல ஆயிரக்கணக்குல வெத இருக்கு," என்றாள் புனிதா.

"பிடுங்கிடலாம் பிடுங்கிடலாம். அவசரம் என்ன?" என்றார் காளியண்ணன்.

அவசரம் வீட்டில் காத்திருந்தது. ஆடிப் பூசைக்குச் சரோஜா ஒரு திட்டம் போட்டிருந்தாள். பூசாரி சாமிப் புல்லின் கதிரை அறுத்துக் கொடுப்பார். அதை மஞ்சள் துணியில் முடிந்து வீட்டுக்கு ஒன்று வாசலில் கட்டுவது. மிச்சத்தை எல்லாக் காட்டு மூலையிலும் காவலுக்குத் தூவிவிடுவது. பிரிஞ்சாங்கிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு முடிச்சு. கூடத்தில் உட்கார்ந்து துணியைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்து, அது வெறும் புல், என் மருந்துக்கு அடங்காத புல் என்று சொன்னால் இருபது வருஷப் பெயர் போச்சு. சொல்லாவிட்டால் அந்தப் போக்கிரியின் பிள்ளைகள் மலை முழுக்கக் குடியேறும். கன்றுக் காடு அவர் கண்ணுக்கு முன்னாலேயே அழியும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சரோஜா, "சாமி நெனப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது. சாமியே உத்தரவு கொடுத்துவிட்டால்? மறுநாள் கந்தசாமியைப் பிடித்து, முனியாண்டி முன்னால் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் பிடுங்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு.

"சாமி காலங்காத்தால தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பாரு. இன்னொரு தடவ," என்றார்.

மறுபடியும் சிவப்பு.

"பொட்டலத்த நான் கட்டுறேன் இரு," என்று பூசாரியைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே கட்டினார். எடுத்தார். வெள்ளை. "பாத்தியா, உத்தரவு குடுத்துட்டாருலா," என்று குதித்தார். கந்தசாமி லோரி ஓட்டிய காலத்திலேயே இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்தவர். மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"என்ன காளி, ரெண்டும் வெள்ளையா இருக்கு?"

"சாமிக்கு டபுள் சம்மதம்."

"கள்ளாட்டம் ஆடுறியேப்பா, அதுவும் முனியாண்டிகிட்ட," என்று சொல்லிவிட்டுக் கந்தசாமி சூலத்தைத் துடைக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு பூசை நாள் வரைக்கும் காளியண்ணன் அந்த மேட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பம்ப் கை மட்டும் தூக்கத்திலும் அடித்ததாகச் சரோஜா பிற்பாடு சொன்னாள்.

பூசை அன்று மேட்டில் நல்ல கூட்டம். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. வட்டத்துக்கு உள்ளே கந்தசாமியும் ஆண்கள் சிலரும், வெளியே பெண்கள். சரோஜா தாம்பாளத்தில் மஞ்சள் துணிகளை அடுக்கிக்கொண்டு முன்னால் நின்றாள். ஓரமாகப் புனிதா கையைக் கட்டிக்கொண்டு காளியண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் வைத்து, படையல் போட்டு, கற்பூரம் காட்டி முடித்தாயிற்று. கந்தசாமி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு புல்லை நோக்கி நகர்ந்தார்.

"அறுக்காதய்யா," என்றார் காளியண்ணன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது சாமி இல்ல."

தவில்காரர் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். சரோஜா தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நீங்கதான சொன்னீங்க?" என்றாள்.

"நான்தான் சொன்னேன். மருந்து கேக்கல. அத ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அதான் சாமின்னுட்டேன். அது வெறும் சம்பாவு. அதோட வெதையக் கொண்டுபோய்க் காட்டுல போட்டா நாம எல்லாரும் நாசமாப் போயிருவோம்."

இதைச் சொல்ல அவர் பட்ட பாடு அந்த முனியாண்டிக்குத்தான் தெரியும். காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனால் சரோஜா லேசுப்பட்டவள் இல்லை. இருபது வருஷம் அந்த மனுஷனின் பெருமையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டவள்.

"மருந்து கேக்கலன்னா எங்கயும் கேக்கக் கூடாதுல்ல? இத்தன காட்டுலயும் உங்க மருந்துக்குச் சம்பாவு சாவுதா இல்லையா? துரையே வந்து பாத்துட்டுப் போறாருல்ல? எல்லா எடத்துலயும் சாவற புல்லு, சாமி காலடியில மட்டும் சாவலன்னா அது சாமிதான?"

கூட்டம் ஆமாம் போட்டது. அவள் கேட்டது நியாயம். தன் மருந்து மற்ற இடத்தில் எல்லாம் கேட்கிறதே, அது எப்படி? புனிதாவைப் பார்த்தார். அவளும் நெற்றியைச் சுருக்கினாள். கந்தசாமி கத்தரிக்கோலை மறுபடி விரித்தார்.

"மத்த எடத்துலயும் சாவலக்கா," என்றது ஒரு குரல்.

சுபத்ரா. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்துப் பெண்கள் நடுவில் நின்றிருந்தாள். பக்கத்தில் மணியம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், சொல்லாதே என்று. சுபத்ரா கேட்கவில்லை.

"அஞ்சாறு வருஷமாவே அங்கங்க நிக்கிதுக்கா. இந்தக் காட்டுல பத்து தூரு, அந்தக் காட்டுல எட்டு தூரு. நாங்கதான் காலையில போயி பிடுங்கிப் போட்டுட்டு வருவோம். இந்த வட்டத்துக்குள்ள நாங்க வர முடியாது. அதான் இது தப்பிச்சிருச்சு."

"எப்பப் போனீங்க? நான் பாக்கலயே," என்றார் காளியண்ணன்.

"பாத்தீங்களே. கீரை பறிக்கப் போறோம்னு திட்டுவீங்களே."

சுபத்ரா மணியம்மாவின் பிடியிலிருந்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

"மருந்தடிச்ச காட்டுல எவளாச்சும் கீரை பறிப்பாளாண்ணே?"

முதலில் சிரித்தவர் கந்தசாமி. அப்புறம் தவில்காரர். அப்புறம் மேடே சிரித்தது. சரோஜாகூடத் தாம்பாளத்தால் வாயை மறைத்துக்கொண்டாள். கை கழுவாமல் சோறு தின்றால் நாள் முழுக்கத் திட்டுகிற மனுஷன், தன் கூட்டத்துப் பெண்கள் மருந்தடித்த மண்ணில் கோணி கோணியாகக் கீரை பறிப்பதை அத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள்கூட, அது என்ன கீரை, எனக்கும் கொஞ்சம் கொடு என்று கேட்கவில்லை.

"ஏன்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா மறுபடியும் பம்பத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறச் சொல்லுவீங்க. அந்தக் கனத்துக்குக் குனிஞ்சு பிடுங்கறது லேசு," என்றாள் மணியம்மா.

"அதுவும் இல்லாம, துரை முன்னாடி நீங்க கைய ஆட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்தா பாவமா இருக்கும்ணே. கெடுக்க மனசு வரல," என்றாள் சுபத்ரா.

சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். எல்லோர் கண்ணும் அந்தப் புல்லின் மேல். குங்குமமும் மஞ்சளுமாக, கதிர்களை விரித்துக்கொண்டு அது நின்றது. உள்ளே போக முடிந்த பெண் யாரும் இல்லை. கந்தசாமிக்கு முட்டி மடங்காது. மற்ற ஆண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். சாமி விஷயம், யாருக்கு வம்பு?

காளியண்ணன் செருப்பைக் கழற்றினார். வெள்ளைக் கல்லைத் தாண்டினார். புல்லுக்கு முன்னால் போய் நின்று, முதலில் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு மெல்ல, துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி, குனிந்தார். லயத்து ஜனங்கள் அவர் முதுகின் மேல்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

ஒரு கையால் இழுத்தார். அசையவில்லை. சம்பாவு வேர் என்றால் சும்மாவா.

"நேரா இழுக்காதீங்கண்ணே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைங்க. அடியில பிடிங்க," என்று சுபத்ரா வெளியே நின்று சொன்னாள்.

அசைத்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வேர் பட்டென்று விட்டது. காளியண்ணன் புல்லோடு பின்பக்கமாகப் படையல் வாழையிலையில் போய் உட்கார்ந்தார். பொங்கல் வேட்டியில் அப்பிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் எழுந்து, வேரில் ஒட்டிய மண்ணை உதறக் கையை ஓங்கினார்.

"உதறாதீங்க," என்று அவர் கூட்டத்துப் பெண்கள் நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். சுபத்ரா இடுப்புக்குப் பின்னாலிருந்து எதையோ உருவி வட்டத்துக்குள் எறிந்தாள். கோணிப்பை. நல்ல நாளும் பெரிய நாளுமாக, பட்டுச் சேலைக்குள் அதை மடித்துச் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். காளியண்ணன் கதிர் சிதறாமல் புல்லை உள்ளே இறக்கி வாயை முறுக்கிக் கட்டினார். மஞ்சள் துணிகளைச் சரோஜா ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சாமியிடம் மன்னிப்புக் கேட்பார் என்று கந்தசாமி கற்பூரத்தட்டோடு ஒதுங்கி நின்றார். காளியண்ணன் முனியாண்டியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெள்ளைக் கற்களுக்கு வெளியே நின்ற நான்கு பெண்களுக்கும் நேராக நின்று, கோணியைக் காலடியில் வைத்துவிட்டு, வலது கையால் வலது கன்னத்திலும், அடிப்பதை மறந்துபோன இடது கையால் இடது கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டார்.